வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்றுவது: செலவும் தேவைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட்டர் என்றாலும் கீசர் என்றாலும் ஒன்றுதான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடுகளின் குளியலறைச் சுவரில் தொங்கும் மின்சார ஹீட்டரைப் பற்றியவை. விலைகள் தோராயமானவை, ஊர், கடை, பருவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும்.

ஹீட்டர் சுடவே மாட்டேன் என்கிறது. புதுசு வாங்கியே ஆக வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். டேங்க் ஓட்டையாகாத வரை ஹீட்டருக்கு உயிர் இருக்கிறது. கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று உதிரிகள்தான்: தண்ணீரைச் சூடாக்கும் காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சூடு அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்அவுட்.

மெயினை அணைத்து, அடி மூடியைக் கழற்றி, காயிலின் இரு முனைகளிலும் ஒயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். 2000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 17 அல்லது 18 ஓம். மீட்டர் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது. காயில் முனைக்கும் ஹீட்டரின் உலோக உடலுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயிலின் உறை வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டரைப் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுவது பெரும்பாலும் இதனால்தான். "அடிக்கடி டிரிப் ஆகிறது" என்று ஆர்சிசிபியைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். குளிக்கும் தண்ணீரில் கரண்ட் விடுவதற்குச் சமமான காரியம் அது.

காயில் நன்றாக இருந்து தண்ணீர் சுடவில்லை என்றால் கட்அவுட் விழுந்திருக்கலாம். அதில் சின்ன ரீசெட் பொத்தான் இருக்கும். அழுத்திய பிறகு ஒரு வாரத்தில் மீண்டும் விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் சூடேற்றுகிறது என்று பொருள். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.

காயில் 500 முதல் 1,200 ரூபாய், தெர்மோஸ்டாட் 250 முதல் 600, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் 100 ரூபாய்க்குள். காயிலைக் கழற்றினால் கேஸ்கெட்டையும் மாற்றியாக வேண்டும். பழையதையே திரும்பப் போட்டால் இரண்டாம் நாள் சொட்டும்.

அப்படியானால் எப்போது ரிப்பேர் வீண்?

டேங்க் கசிந்தால். அதற்கு ஒட்டு, வெல்டிங், பசை எதுவும் நிற்காது.

ஆனால் அடியில் ஈரம் தெரிந்தாலே டேங்க் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மூடியைக் கழற்றித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் டார்ச் அடித்துப் பாருங்கள். காயில் தட்டின் விளிம்பில் துளிர்த்தால் கேஸ்கெட். தண்ணீர் நுழையும், வெளியேறும் நிப்பிளில் (பைப் மாட்டும் முனை) துளிர்த்தால் டெஃப்ளான் டேப் சுற்றும் வேலை. வெளிக்கூட்டுக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் மஞ்சள் நுரையிலிருந்து துருக் கலரில் ஊறி வந்தால் டேங்க்தான். மாற்றுங்கள்.

இன்னொரு கணக்கு: எட்டு வருடம் கடந்த ஹீட்டரில் காயிலும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து போய், ரிப்பேர் செலவு புது விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்தப் பணத்தைப் புதியதில் போடுவது மேல்.

மாற்ற மொத்தம் எவ்வளவு ஆகும்?

கடையில் ஒட்டியிருக்கும் விலை செலவின் ஒரு பகுதிதான். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் 2,500 முதல் 4,500 ரூபாய். 15 லிட்டர் 6,500 முதல் 11,000. 25 லிட்டர் 8,000 முதல் 14,000.

ஒயரிங்கும் பைப்பும் நல்ல நிலையில் உள்ள ஒரு வீட்டில் 25 லிட்டர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஹீட்டர் 10,000. இரண்டு ஸ்டீல் பின்னல் கனெக்ஷன் பைப் 400. ஆங்கர் போல்ட் 100. பாதுகாப்பு வால்வு பெட்டியிலேயே வராவிட்டால் 350. பழையதை இறக்கி, புதியதை ஏற்றி மாட்டக் கூலி 600. ஆக 11,450.

இதே வீட்டில் மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டியிருந்தால் கூடுதலாக 1,500 முதல் 3,000. சுடுதண்ணீர்ப் பைப் தவறான ரகமாக இருந்து மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு 1,000 முதல் 2,500. சுவரை உடைத்து டைல்ஸ் மாற்றும் நிலை வந்தால் கணக்கே வேறு.

"இலவச இன்ஸ்டலேஷன்" என்று சொன்னால் எது இலவசம் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் கூலி மட்டும்தான். பைப், போல்ட், வால்வு எல்லாம் உங்கள் தலையில். மார்கழி நெருங்கும்போது விலையும் ஏறும், ஆளும் கிடைக்க மாட்டார். ஆடித் தள்ளுபடியில் வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

எத்தனை லிட்டர் வாங்குவது?

வாளிக் கணக்கில் யோசித்தால் குழப்பம் இல்லை. குழாய்த் தண்ணீர் 27 டிகிரி, ஹீட்டர் சூடேற்றுவது 60 டிகிரி, குளிக்க 40 டிகிரி போதும் என்றால், 25 லிட்டர் சுடுதண்ணீரை விளாவினால் 63 லிட்டர் கிடைக்கும். அதாவது 20 லிட்டர் வாளியில் மூன்று. 15 லிட்டர் ஹீட்டர் ஏறக்குறைய இரண்டு வாளி. 10 லிட்டர் ஒரு வாளி, கொஞ்சம் மிச்சம்.

ஊட்டி, கொடைக்கானலில் கணக்கு மாறும். அங்கே குழாயில் 12 டிகிரியில் தண்ணீர் வந்தால் அதே 25 லிட்டர் இரண்டு வாளிதான் தரும்.

2000 வாட் காயில் 25 லிட்டரை 27-லிருந்து 60-க்குக் கொண்டுபோக அரை மணி நேரம் எடுக்கும். மலையில் 42 நிமிடம். உங்கள் ஹீட்டர் இதைவிட வெகுநேரம் எடுத்தால் காயிலில் உப்புப் படிந்திருக்கிறது, அல்லது வீட்டில் வோல்டேஜ் குறைவு.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதாதா?

ஒரு ஆள், வாளிக் குளியல், சமவெளி ஊர் என்றால் போதும். 3000 வாட் காயில் தண்ணீரை 15 டிகிரி ஏற்றும்போது நிமிடத்துக்கு மூன்று லிட்டர்கூட முழுதாக வராது. ஒரு வாளி நிரம்ப ஏழு நிமிடம். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு "சுடவே இல்லை" என்று புகார் சொல்வதில் பயனில்லை. ஷவருக்கு இது சரிப்படாது. மலை ஊர்களில் வாங்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு. என்ன ஹீட்டர் வாங்குவது?

ஹீட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது பிராண்டைவிடத் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும் ஒரு மாடல், போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் சென்னைப் புறநகர் வீட்டில் நான்கு வருடத்தில் கையை விரித்துவிடும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. ஹீட்டருக்கு 600 என்பது கொடுமை. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து கரையாத உப்பாக மாறிக் காயில்மேல் ஒட்டும். மூன்று வருடம் திறக்காத ஹீட்டரில் காயிலை வெளியே இழுத்தால் உலோகமே கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையும் பழுப்புமாக ஒரு சுண்ணாம்புக் கட்டை. டேங்கின் அடியில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோலச் சில்லுகள் கிடக்கும். சூடேறும்போது "கடகட" என்று சத்தம் வருவது இதனால்தான்: படிவுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெடிக்கிறது. சூடு வெளியேற முடியாமல் காயிலும் உள்ளுக்குள்ளேயே வெந்து அறுந்துபோகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க், இன்கலாய் (அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலவை) உறை போட்ட காயில், தடிமனான மெக்னீசியம் ஆனோட் ராட். இந்த ராட் தன்னைத் தின்னக் கொடுத்து டேங்கைக் காப்பாற்றும். புதிதாக இருக்கும்போது விரல் தடிமன். கரைந்து முடிந்தபின் நடுவில் இருக்கும் கம்பி மட்டும் துருப்பிடித்து நிற்கும். அந்த நிலைக்கு வந்தபின் தின்னப்படுவது உங்கள் டேங்க். போர் தண்ணீர் வீடுகளில் வருடம் ஒருமுறை திறந்து பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். ராட் 250 முதல் 600 ரூபாய். இந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடித்துப் பத்தாயிரம் ரூபாய் டேங்கை இழப்பவர்களே அதிகம்.

சூட்டை 50 அல்லது 55-இல் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகப் படிவு வேகமெடுக்கும். வாட்டர் சாஃப்ட்னர் இருக்கும் வீட்டில் படிவு நிற்கும், ஆனால் ஆனோட் ராட் சீக்கிரம் கரையும். ராடைப் பார்ப்பதை அங்கேயும் விடக் கூடாது.

பழைய பிளக்கிலேயே புதிய ஹீட்டரைச் சொருகலாமா?

சுவரில் உள்ள பிளக்கின் முகத்தைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ, பிளக்கைப் பிடுங்கும்போது கை சுட்டாலோ, உள்ளே பிடிமானம் தளர்ந்திருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும்.

2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் 13 ஆம்பியர். அதனால் 16 ஆம்பியர் பவர் பிளக் கட்டாயம். லைட், ஃபேனுக்கான 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டுச் சொருகுவது தீயை அழைப்பது. மெயின் போர்டிலிருந்து ஹீட்டருக்கென்றே தனி ஒயர் வர வேண்டும்: 2000 வாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு, 3000 வாட்டுக்கு 4 சதுர மி.மீ. அதற்குத் தனி 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச். 4 சதுர மி.மீ. ஒயர் என்றால் 20-உம் போடலாம். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் டிபி ஸ்விட்ச் இருந்தால் நல்லது, அதுவும் குளியலறைக்கு வெளியே.

எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். எம்சிபி காப்பது ஒயரை. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. வீட்டில் அது இல்லையென்றால் ஹீட்டர் வாங்கும் பட்ஜெட்டிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாவது ஓட்டை இருப்பதால் எர்த் இருப்பதாகிவிடாது. பழைய வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பதுண்டு.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் பிரமாதமாக எரியும், எல்லாம் சரி என்றே தோன்றும். என்றாவது நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஹீட்டரின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். உலோகக் குழாய், ஈரத் தரை, வெறுங்கால். எனவே எலக்ட்ரீஷியனை பிளக்கைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை ஒயர் ஒன்று தனியாக மெயின் போர்டுவரை போக வேண்டும். அங்கிருந்து வீட்டின் எர்த் குழிக்கு. இந்த ஒரு விஷயத்தில் "பார்த்துக்கலாம் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஹீட்டருக்கு அடியில் ஒரு வால்விலிருந்து சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

கூடவே கூடாது. அது குளிர்தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வு. 25 லிட்டர் தண்ணீர் 27-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 340 மில்லி விரியும், ஒன்றரை டம்ளர் அளவுக்கு. வால்வு தண்ணீரைப் பின்னோக்கிப் போக விடாது. குழாய்களும் மூடியிருந்தால் விரிந்த தண்ணீர் போக வேறு இடமில்லை. அதைத்தான் வால்வு சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. ஒரு மெல்லிய டியூப் மாட்டித் தரைக் குழிக்கு விட்டுவிடுங்கள், தொந்தரவு தீர்ந்தது.

ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போதும் நிற்காமல் சொட்டினால் இரண்டு காரணம்: வால்வின் வாயில் மண்ணோ சில்லோ மாட்டியிருக்கும், நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம். திருகு போட்டு அடைத்த வால்வும் ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தால் ஹீட்டர் வெடிக்கும்.

பிரஷர் பம்ப் இருக்கிறது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஹீட்டரின் தட்டில் எழுதியிருக்கும் அழுத்த அளவைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். பதினைந்து மாடி அடுக்ககத்தின் தரைத்தளத்தில், மாடித் தொட்டியிலிருந்து நேராக வந்தால், 4.5 பார் இருக்கும். பம்ப் அதற்கு மேல் இரண்டு மூன்று பார் ஏற்றும். 8 பார் என்று எழுதிய ஹீட்டரை எடுங்கள். தனி வீட்டில், பம்ப் இல்லாமல், தொட்டி ஒரு மாடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் அரை பார்கூட வராது. எந்த ஹீட்டரும் தாங்கும். அங்கே ஷவர் மெலிதாக வருவது ஹீட்டரின் குற்றம் அல்ல.

பழைய கொக்கியிலேயே மாட்டலாமா?

ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றாலும் ஓட்டை இடைவெளி மாறியிருக்கும். 25 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு 35 கிலோவைத் தாண்டும். செங்கல், கான்கிரீட் சுவரில் ஆங்கர் போல்ட் போதும். ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவரில் அந்த போல்ட் பிடிக்காது. சுவரின் மறுபக்கம்வரை துளைத்துத் தட்டு வைத்து முடுக்க வேண்டும், அல்லது கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டுப் பதிக்கும் போல்ட்). நிமிர்ந்து தொங்கும் ஹீட்டரைப் படுக்கையாகவும், படுக்கை மாடலை நிமிர்த்தியும் மாட்டக் கூடாது. காயில் தண்ணீருக்கு வெளியே வந்து எரிந்துவிடும். பரணில் வைப்பதாக இருந்தால் படுக்கை மாடல்தான், பைப் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து வாங்குங்கள். காயிலையும் ராடையும் வெளியே இழுக்க இடம் விட வேண்டும். நிறைய பேர் இதை மறந்துவிட்டு, சர்வீஸ் நாளில் ஹீட்டரையே சுவரிலிருந்து இறக்குகிறார்கள்.

சுடுதண்ணீர்ப் பைப் எதுவாக இருக்க வேண்டும்?

சிபிவிசி, வெளிர்மஞ்சள் நிறத்தில் இருப்பது. வெள்ளை யுபிவிசியைச் சுடுதண்ணீருக்குப் போட்டால் சூட்டில் இளகித் தொங்கி, மூட்டு விட்டுவிடும்.

மாட்டும் நாளில் எதை மேற்பார்வை பார்ப்பது?

முதலில் எம்சிபியை அணைக்க வேண்டும், ஸ்விட்சை மட்டும் அல்ல. தண்ணீர் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பழைய டேங்கை வடிக்க வேண்டும். குழாயைத் திறக்காவிட்டால் காற்று உள்ளே போகாமல் தண்ணீர் பாதியில் நின்றுவிடும், கழற்றும்போது ஆள்மேல் கொட்டும்.

புதியதில் நீல வளையம் குளிர்தண்ணீர் நுழைய, சிவப்பு வளையம் சுடுதண்ணீர் வெளியேற. மாற்றிக் கொடுத்தால் ஒரு குவளை சுட்டுவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீராக வரும். பாதுகாப்பு வால்வு நீலப் பக்கத்தில், அம்புக்குறி டேங்கை நோக்கி.

அடுத்ததுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். கரண்ட் கொடுப்பதற்கு முன் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீரை விடுங்கள். முதலில் காற்று புஸ்ஸென்று வரும், பிறகு துப்பித் துப்பி வரும், கடைசியில் கம்பிபோல் சீராக வரும். சீராக வந்தபின்தான் ஸ்விட்ச். வெறும் டேங்கில் போட்டால் புதுக் காயில் சில நிமிடங்களில் எரிந்துவிடும், வாரண்டியும் கிடையாது. அரை மணி நேரம் சூடேற்றிவிட்டு, மூட்டுகளை மறுபடி ஒருமுறை துடைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுகாத மூட்டு சூட்டில் ஒழுகலாம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஒரு வாளி வெந்நீருக்கு 0.3 யூனிட். நான்கு பேர் தினம் ஒரு வாளி குளித்தால் மின்வாரியத்தின் இரண்டு மாத ரீடிங்கில் 72 யூனிட். நாள் முழுக்க ஆனில் விட்டால் சும்மா ஆறுவதற்கே தினம் அரை யூனிட்டுக்கு மேல் போகும். ஸ்டார் லேபிள் காட்டுவது இந்த ஆறும் இழப்பைத்தான். குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில் ஐந்து ஸ்டாருக்கும் மூன்று ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடு என்றால் கவனம்: அதைத் தாண்டினால் கூடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் மாறும்.

கேஸ் கீசர் மலிவாகக் கிடைக்கிறதே?

குளியலறைக்கு உள்ளே மாட்டுவதாக இருந்தால் வேண்டாம். அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயங்கி விழுந்தபின்தான் தெரியும். திறந்த பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டிச் சுடுதண்ணீரை மட்டும் உள்ளே கொண்டுவர முடிந்தால் யோசிக்கலாம்.

சோலாருக்கு மாறலாமா?

சொந்த மாடி, நிழல் இல்லாத இடம் இருந்தால் நல்ல யோசனை. 100 லிட்டர் மூன்று பேருக்குப் போதும். கண்ணாடிக் குழாய் வகை 15,000-க்கு மேல், தட்டையான பேனல் வகை கிட்டத்தட்ட இருமடங்கு. உப்புத் தண்ணீர் வீட்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (உப்புத் தண்ணீரைப் பேனலுக்குள் விடாமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) இல்லாமல் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு மின்காயில் ஒன்று கூடவே வேண்டும்.

வாரண்டி அட்டையில் எதைப் படிப்பது?

டேங்குக்கு ஏழு வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் தண்ணீரின் உப்பு அளவு, ஆனோட் ராட் மாற்றிய ரசீது என்று நிபந்தனைகள் வரும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை எடுக்கவே வேண்டாம். ஸ்டோரேஜ் ஹீட்டருக்கான (டேங்கில் தேக்கிச் சூடாக்குவது) தரநிலை எண் 2082, தட்டில் அச்சாகியிருக்கும்.

எக்ஸ்சேஞ்சில் பழையதுக்கு 500 ரூபாய் தருகிறார்கள். கொடுக்கலாமா?

துருப்பிடித்த இரும்பு டேங்க் என்றால் கொடுத்துவிடுங்கள். ஆனால் இருபது, முப்பது வருடப் பழைய ஹீட்டர்களில் செம்பு டேங்க் உண்டு. கொடுக்கும் முன் அடி மூடியைத் திறந்து நிப்பிளின் வேர்ப்பகுதியைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். சிவந்த நிறம் தெரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடுங்கள். உள்ளே சில கிலோ செம்பு இருக்கும்.